உள் விட்டம்

அழுத்தமானியின் முள் அசையவில்லை. தனசேகரன் கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தான். முள் பூச்சியத்திலேயே நின்றது.

காலை ஆறே முக்கால் மணி. ஊணாங்கல் காலனியின் கடைசிக் குழாய் மாதா கோயிலுக்கு முன்னால் ஒரு மண்மேட்டின் மேல் இருந்தது. குழாயைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திட்டில் பாசி பிடிக்கவில்லை. குடம் வைத்துக் குடம் எடுத்த தேய்மானமும் இல்லை. தண்ணீர்த் திட்டம் திறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. திட்டு நேற்றுப் பூசியது போல இருந்தது. இருபது இருபத்திரண்டு குடங்கள் வரிசையில் நின்றன. எதிலும் தண்ணீர் இல்லை. கல்வராயன் மலையின் மேல் பனி இன்னும் கலையவில்லை. அந்தப் பனிக்குக் கீழே எங்கேயோ சுனையும், சுனை நீரைப் பிடிக்கும் தொட்டியும் இருந்தன. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கிவரும் தண்ணீருக்கு மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். அவன் வடிவமைத்த முதல் திட்டம் அது.

"இன்னா சார், டாக்டர் மாதிரி நாடி புடிக்கிறீங்க. உசுரு இருக்குதா?"

கேட்டவர் அமலோற்பவம். பால்வாடியில் சமைப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண்கள் சிரித்தார்கள். தனசேகரன் சிரிக்கவில்லை.

"எத்தனை மணிக்கும்மா தண்ணி வரும்?"

"பத்து பதினொண்ணுக்கு வரும். ஊர்ல எல்லாம் புடிச்சு, குளிச்சு, மாட்டக் கழுவி முடிச்சதும் வரும். அப்ப இவளுங்கல்லாம் கரும்புல களை வெட்டிக்கினு இருப்பாளுங்க. தெருவுல நாய்தான் இருக்கும். அது குடிச்சிட்டுப் போவும்."

"அதுக்கும் ஒரு ரேஷன் அட்டை போட்டுக் குடுங்க சார்" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

அவன் மானியைக் கழற்றிப் பையில் வைத்தான். குறிப்பேட்டில் நேரத்தையும் பூச்சியத்தையும் எழுதினான். நேற்றும் அதைத்தான் எழுதியிருந்தான்.

அது எண்பத்தேழாம் வருஷம், ஐப்பசி. செப்டம்பரில் ஊர்ச் சாதிக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியிருந்தார்கள். வெட்டிப் போட்ட புளியமரங்கள் சாலையோரங்களில் இன்னும் கிடந்தன. கிளைகளை விறகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடிமரங்களை யாரும் தொடவில்லை. அந்த வாரத்தில் எத்தனையோ ஊர்களில் ஊருக்கும் காலனிக்கும் மூண்டுவிட்டது. ஊணாங்கல்லில் மூளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலனிக்காரர்கள் ஊர் டீக்கடைக்குப் போவதில்லை. ஊரிலிருந்து வேலைக்குக் கூப்பிட வருகிறவர்கள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். இந்த நிலையில்தான் அமலோற்பவமும் முப்பத்தோரு பேரும் தாசில்தாரிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டு, வால்வு திறக்கும் பாவாடை என்பவர், காலையில் காலனி வால்வைத் திருகிக் குறைத்துவிடுகிறார். ஊர் பிடித்து முடித்த பிறகு கூட்டிவிடுகிறார். அதுதான் மனு. விசாரணை வியாழக்கிழமை. வால்வும் குழாயும் எந்த நிலையில் இருக்கின்றன என்று திட்டத்தின் இன்ஜினியரான தனசேகரன் அறிக்கை தரவேண்டும். அன்று திங்கள்.

மனுவில் சொன்னது நடக்காத காரியம் அல்ல. காலனி ஊரை விடப் பள்ளத்தில் இருந்தது. கடைசிக் குழாய் இருந்த மேடுகூட ஊரை விடத் தாழ்வுதான். வாட்டம் நன்றாக இருந்தது. பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடவில்லை என்றால் யாரோ ஒருவன் நிறுத்துகிறான்.

ஊரும் காலனியும் பிரியும் இடத்தில், சாலையோரம், இடுப்பளவு ஆழத்தில், ஊருக்கு ஒன்று காலனிக்கு ஒன்று என இரண்டு வால்வுகளோடு குழி இருந்தது. பாவாடை அதன் மேல் குந்தியிருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊராட்சியில் தினக்கூலி. ஐம்பது வயதுக்கு மேல். காலனிப் பக்கம் அவர் இப்போது வருவதில்லை.

"அண்ணே, மூடிட்டுத் திரும்பத் தெறங்க. என் கண்ணு முன்னால."

பாவாடை குழிக்குள் இறங்கினார். காலனி வால்வின் தலையில் இரும்புச் சாவியை மாட்டி இறுக மூடினார். பிறகு திறந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் நெல் அளக்கிறவர்போல, ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்கி எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

பதினான்கில் சாவி நின்றது.

"அவ்ளோதான் சார். இதுக்கு மேல திருகுனா தண்டு கையோட வந்துரும்."

"தினமும் பதினாலா?"

"தினமும். மேரி மாதா கோயில்லயும் சத்தியம் பண்றேன், நம்ம அம்மன் கோயில்லயும் பண்றேன். எங்க சொல்றீங்களோ அங்க." குழிக்குள் நின்றபடியே அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜெயில்ல போட்டுருவாங்களா சார்?"

"விசாரணைதான் அண்ணே."

"தண்ணிய நிறுத்துனான்னு கேஸ் ஆச்சுன்னா வெளிய வுட மாட்டாங்களாமே. நான் மரம் வெட்டக்கூடப் போவல சார். எல்லாரும் போனாங்க. ரோட்டுல மரம் கெடக்குது, நான் அத்த ஏறித் தாண்டி வந்து வால்வு தொறந்துட்டுப் போனேன். அதுக்கே எங்க ஆளுங்க கேட்டாங்க, நீ எந்தக் கட்சிடான்னு."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நீங்க களமருதூர் பக்கமாமே. நம்ம ஜனந்தான்னு சொன்னாங்க. பாத்து எழுதுங்க."

தனசேகரன் குறிப்பேட்டில் பதினான்கு என்று எழுதினான். அவனுடைய தம்பி இளவரசன் மறியலில் கைதாகிக் கடலூர் சிறையில் இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருந்தான். வந்தவன் அண்ணனிடம் ஒன்றுதான் சொன்னான். நம்ம தாலுக்காவுல உன்ன மாதிரி நூறு பேர் உக்காரணும் அண்ணா, அதுக்குத்தான் போனேன். தனசேகரனின் அப்பா இரண்டு ஏக்கர் புஞ்சைக்காரர். வீட்டில் முதல் பட்டம் அவனுடையது. கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில், அவன் இருப்பது தெரியாமல் பக்கத்து அறையில் ஒருவர் கேட்டார்: "புதுசா வந்திருக்கிறது கோட்டாவா, கணக்கு வருமா?" அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போட்டான்.

அலுவலகத்துக்கு வந்ததும் ஊணாங்கல் கோப்பை எடுத்தான். அவன் கையெழுத்துதான். திருத்தம் இல்லாத பக்கங்கள். தொட்டியின் நீர் மட்டத்துக்கும் மாதா கோயில் குழாய்க்கும் உயர வித்தியாசம் முப்பத்தொரு மீட்டர். அந்த உயரம்தான் கையிருப்பு. தண்ணீர் அதைச் செலவழித்துக்கொண்டுதான் ஓடும். குழாய்ச் சுவரோடு உரசி உரசி வலுவிழக்கும். நீளம் கூடினால் இழப்பு கூடும். ஓட்டம் கூடினால் இன்னும் கூடும். எல்லாக் குழாயும் திறந்திருக்கும் காலை நேரத்துக்கு அவன் போட்ட மொத்த இழப்பு இருபத்தாறரை மீட்டர். மிச்சம் நாலரை. ஒரு மேட்டில் ஏறி ஒரு குடத்தை நிரப்ப நாலரை மீட்டர் போதும். மறுபடி போட்டான். இருபத்தாறரை. மூன்றாம் முறையும் இருபத்தாறரை.

அப்படியானால் பாவாடைதான். அந்த எண்ணம் வந்தபோது அவனுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைக் கவனித்துவிட்டு அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

மேஜையில் பேனாக்கள் நின்ற குவளை ஒரு குழாய்த் துண்டு. ஊணாங்கல் வேலையின்போது மிஞ்சியதை அறுத்து, அடியில் அட்டை ஒட்டி வைத்திருந்தான். சாம்பல் நிற பிளாஸ்டிக். பக்கவாட்டில் 63 என்று அச்சடித்திருந்தது. பேனாக்களைக் கொட்டிவிட்டு, சும்மாதான், அதன் வாயின் குறுக்கே ஸ்கேலை வைத்தான். ஓரத்திலிருந்து ஓரம் வரை அறுபத்து மூன்று. உள்ளே, சுவரிலிருந்து சுவருக்கு, ஐம்பத்தெட்டு.

மறுபடி வைத்துப் பார்த்தான். ஐம்பத்தெட்டு.

சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. விட்டம், ஓட்டம், ஆயிரம் மீட்டருக்கு இழப்பு. அந்த அலுவலகம் தொடங்கிய காலத்திலிருந்து தொங்குகிறது. இரும்புக் குழாய்களுக்காகப் போட்டது. இரும்புக் குழாயைத் துவாரத்தின் அளவால்தான் கூப்பிடுவார்கள். இரண்டு அங்குலம் என்றால் உள்ளே இரண்டு அங்குலம். பிளாஸ்டிக் குழாய் வந்தபோது யாரோ அதே அட்டவணையின் ஓரத்தில் 63, 75, 90 என்று மையால் புதுக் கட்டங்கள் சேர்த்திருந்தார்கள். பிளாஸ்டிக் குழாயை வெளி அளவால் கூப்பிடுவார்கள். யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. இரண்டு முறை போட்டான், இரண்டு முறையும் வெளியே நின்று அளந்தான்.

ஐந்து மில்லிமீட்டர். ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை. ஆனால் விட்டம் கொஞ்சம் சுருங்கினாலும் இழப்பு பாதிக்குப் பாதி ஏறிவிடும். உள் விட்டத்தை வைத்துப் புதிதாகப் போட்டான். தொட்டியிலிருந்து வரும் பெரிய குழாய்க்கும் சேர்த்துப் போட்டான். முப்பத்தெட்டு வந்தது. முப்பத்தொரு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்தெட்டைச் செலவழிக்க முடியாது. ஊரில் குழாய்கள் மூடிய பிறகு ஓட்டம் குறையும், இழப்பும் குறையும், அப்போது மேட்டுக்கு ஏறும். பத்து பதினோரு மணிக்கு. அமலோற்பவம் சொன்ன அதே நேரம்.

தலைமை வரைவாளர் கண்ணாயிரம் மதியச் சாப்பாட்டை முடித்துப் பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. தனசேகரன் குழாய்த் துண்டையும் ஸ்கேலையும் அவர் முன்னால் வைத்தான். அவர் நீண்ட நேரம் பார்த்தார். குச்சியை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார்.

"கதவ சாத்துப்பா."

சாத்தினான்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"அப்ப இன்னும் யாருக்கும் தெரியாது." அவர் துண்டை எடுத்துப் பேனாக்களை அதற்குள் திரும்பப் போட்டார். "இந்த சார்ட்ட வெச்சு பதினோரு ஸ்கீம் பண்ணியிருக்கோம். உனக்கு முன்னால இருந்தவரு பண்ணாரு, அவரு இப்ப மெட்ராஸ்ல பெரிய சீட்டுல இருக்காரு. அவரு பண்ணா அது சார்ட்டோட தப்பு. நீ பண்ணா? சொல்லு, இன்னா சொல்லுவானுங்க?"

அவன் பக்கத்து அறைப் பக்கம் பார்த்தான்.

"அதான். நீ வாயத் தொறக்கறதுக்கே காத்துக்கினு இருக்கானுங்க. இந்த நேரத்துல. உன் தம்பி வேற உள்ள போய்ட்டு வந்திருக்கான்." கண்ணாயிரம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். அவர் குரலில் கெடுதல் இல்லை. "ஒரே ஒரு வரி. பதினாலு சுத்துல பதினொண்ணுதான் தொறந்திருந்துச்சுன்னு எழுது. முடிஞ்சிது."

"பாவாடை மேல கேஸ் ஆயிரும்ணே."

"ஆவட்டும். தினக்கூலி, வேற வேலைக்குப் போவான். ஆறு மாசத்துல தள்ளுபடி ஆயிரும். உனக்கு இன்னும் முப்பது வருஷ சர்வீஸ்ப்பா."

கண்ணாயிரம் போன பிறகு தனசேகரன் பதினோரு திட்டங்களின் வரைபடங்களையும் எடுத்துத் தரையில் விரித்தான். ஒவ்வொன்றிலும் தொட்டியிலிருந்து விரலை நகர்த்திக் கடைசிக் குழாய்வரை போனான். ஒரு பள்ளிக்கூடம். மற்ற பத்தும் காலனி. வேறு வேறு ஊர்கள், வேறு வேறு கைகள் வரைந்த கோடுகள். பிழை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடி, ஒரே இடத்தில் போய் நின்றிருந்தது. நடுவில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவர்களுக்கு அழுத்தம் மிச்சம் இருந்தது. அந்தப் பத்து இடங்களிலும் காலையில் குடம் வைத்துவிட்டு யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். யார் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள் என்று அவன் நினைத்துப் பார்த்தான். அங்கெல்லாம் ஒரு பாவாடை இருப்பார்.

வியாழக்கிழமை விசாரணை ஊணாங்கல் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நடந்தது. வேம்படியில் ஒரு போலீஸ் வேன் நின்றது. ஊர்க்காரர்கள் தூண்களின் இந்தப் பக்கம், காலனிக்காரர்கள் அந்தப் பக்கம். நடுவில் மேஜை. தாசில்தார் மின்விசிறி இல்லாத இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர். கைக்குட்டையை எடுத்து எடுத்து வைத்தார். பாவாடை சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. மடிப்பு கலையாமல் இருந்தது. உடைந்த குரலில் இரண்டு கோயில் பெயரையும் மறுபடி சொன்னார். தாசில்தார் தலையசைத்துவிட்டுத் தனசேகரனைப் பார்த்தார்.

அறிக்கை நாலு வரிதான். இரண்டு வால்வுகளும் முழுமையாகத் திறந்திருந்தன. குழாயில் அடைப்பு இல்லை. கடைசிக் குழாய்க்குக் காலையில் தண்ணீர் எட்டாததற்குக் காரணம் வடிவமைப்புக் கணக்கில் உள்ள பிழை. கணக்கைப் போட்டவன் நான். படித்துவிட்டு, பதினோரு திட்டங்களின் பெயர்ப் பட்டியலை இணைப்பாக அதன் கீழ் வைத்தான்.

ஊர்ப் பக்கத்திலிருந்து ஊராட்சித் தலைவர் தெய்வசிகாமணி சத்தமாகச் சிரித்தார்.

"கேட்டுக்குங்கப்பா. பத்து மாசமா எங்க தலையில மண்ணு. கடைசில பாத்தா இன்ஜினியர் கணக்குல பெயிலு!"

"நாலாங்கிளாஸ் வாத்தியாராண்ட வுடுங்க சார், அவரு திருத்துவாரு" என்றது இன்னொரு குரல். தூண்களின் இந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. பாவாடை சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

காலனிப் பக்கம் யாரும் அசையவில்லை. அமலோற்பவம் எழுந்து நின்றார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளும்மா" என்றார் தாசில்தார்.

"உங்கள இல்ல சார். அவர." அமலோற்பவம் தனசேகரனைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "கணக்கு தப்பாயிருச்சு. ஆவட்டும், மனுசன்தான. ஒத்துக்கினீங்க, நல்லது. ஆனா அந்தத் தப்பு ஊர்ல எந்தக் கொழாய்லயும் நிக்கலியே. நேரா எங்ககிட்ட வந்து ஏன் சார் நின்னுச்சு?"

"இழப்பு வழியெல்லாம் சேந்துக்கினே வரும்மா. கடைசில இருக்கிற குழாய்லதான் தெரியும். நீங்க கடைசி."

"கடைசின்னு போட்டது யாரு? அதுவும் கணக்கா?"

தொட்டியிலிருந்து காலனிக்கு ஓடையோரமாக ஒரு நேர்வழி இருந்தது. அளக்கப் போனபோது அவனே அதில் நடந்திருக்கிறான். ஊருக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருவதுதான் சுற்று. ஆனால் வரைபடத்தை விரித்துப் பென்சிலை வைத்தபோது, பென்சில் தொட்டியிலிருந்து நேராக ஊருக்குத்தான் போனது. அங்கிருந்து மெல்லிய கோடாகக் காலனிக்கு. யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கோட்டை அவன் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

அமலோற்பவம் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்றார் தாசில்தார்.

"பெரிய குழாய் மாத்தணும் சார். எஸ்டிமேட் போட்டு உத்தரவு வர ஒரு வருஷம் ஆவும். அதுவரைக்கும்..." தனசேகரன் நிறுத்தினான். அடுத்த வாக்கியத்தை முந்தின இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தான். "காலையில அஞ்சரையிலேர்ந்து ஆறரை வரைக்கும் ஊர் வால்வ மூடி வெக்கணும். அந்த ஒரு மணி நேரம் காலனிக்கு மட்டும். எல்லாக் குழாய்க்கும் எட்டும்."

இப்போது சிரிப்பு இல்லை. ஊர்ப் பக்கத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் எழுந்தார்கள்.

"எங்க ஊரு தண்ணிய மூடுறதா? நீ தப்பா போட்ட கணக்குக்கு எங்க பொம்பளைங்க காத்துக்கினு நிக்கணுமா?"

"ஏண்டா, நம்மாளுன்னு சொன்னீங்களே, இவனா நம்மாளு?"

"பாவாட! மூடிருவியாடா நீ? மூடித்தான் பாரேன்."

வேனில் இருந்த போலீஸ்காரர்கள் இறங்கி நின்றார்கள். தாசில்தார் பேனாவைத் திறந்து, சொன்னதை அப்படியே உத்தரவாக எழுதி, கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து என்று எழுதினார். ஜீப்பில் ஏறுவதற்கு முன் தனசேகரனிடம் மட்டும் சொன்னார்: "அந்த லிஸ்டை நீங்க இணைச்சிருக்க வேணாம்."

கூட்டம் கலைந்த பிறகு பாவாடை அவன் பக்கத்தில் வந்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"ஜெயிலுக்குப் போவாம காப்பாத்திட்ட. நல்லாரு. ஆனா இன்னிக்கு வரைக்கும் நான் மூடாத வால்வு தம்பி அது." முதல் முறையாக அவனைத் தம்பி என்று கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பியபோது சுவரில் அட்டவணை இல்லை. அது தொங்கிய இடத்தில் சுண்ணாம்பு மட்டும் சதுரமாக வெளுப்பாக இருந்தது. மேஜையில் ஒரு மெமோ. ஏழு நாளுக்குள் விளக்கம். ஊணாங்கல் திட்டத்தைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார்கள். மற்ற பத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பக்கத்து அறையில் அவன் காதில் விழாதபடி பேசினார்கள். கணக்கு வருமா என்ற அந்தக் கேள்வியை இப்போது யாரும் கேள்வியாகக் கேட்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்தேகாலுக்கு வால்வுக் குழிக்கு வந்தான். இருட்டு விலகிக்கொண்டிருந்தது. பாவாடை வரமாட்டார் என்று நினைத்திருந்தான். வந்திருந்தார். குழியின் பலகை மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, சாவியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலனி வால்வை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார். ஊர் வால்வைத் தொடவில்லை.

"நேத்து சாயந்தரம் எங்க வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனானுங்க" என்றார். "எம் பொண்டாட்டி பச்சையம்மா அழுவுறா. நான் மூடுனா அந்தத் தெருவுல நான் இருக்க முடியாது."

சாவியை நீட்டினார்.

"நீ எழுதுன. நீ மூடு."

தனசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினான். தரை சில்லிட்டது. வால்வைக் காகிதத்தில் ஆயிரம் முறை வரைந்திருக்கிறான், ஒருமுறையும் திருகியதில்லை. சாவி முதலில் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. இடுப்பை வளைத்து முழு உடம்பையும் கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. மேலே பாவாடை எண்ணவில்லை. கடைசிச் சுற்றில் குழாய்க்குள் ஒரு முனகல் கேட்டது, அது தேய்ந்து அடங்கியது. பக்கத்தில் காலனிக் குழாயில் ஒரு நடுக்கம் தொடங்கியது. அவன் அதன் மேல் பாதத்தை வைத்துப் பார்த்தான்.

ஏறி வந்ததும் சாவியைக் கேட்காமலேயே பாவாடை வாங்கிக்கொண்டார். பலகையை இழுத்துக் குழியை மூடினார். அதன் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"வூட்டுக்குப் போங்கண்ணே. நான் மூடுனேன்னு சொல்லிடுங்க."

"சாவி எங்கிட்ட இருக்குது. நான் எங்க போறது." அவர் ஊர்ப் பக்கம் பார்த்தபடி பேசினார். "நீ போய்ப் பாரு, வருதான்னு. ஆறரைக்கு வா."

குழியிலிருந்து மேட்டுக் குழாய்வரை ஆயிரத்து நானூற்று ஐம்பது மீட்டர். ராத்திரியில் காலனி வால்வு மூடியிருக்கும்போது பள்ளத்துத் தெருவில் ஒரு குழாய் ஒழுகி லைன் காலியாகிவிடும். தண்ணீர் முதலில் அதை நிரப்பிக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இருபத்தெட்டு நிமிடம். இந்த முறை உள் விட்டத்தை வைத்துத்தான் போட்டிருந்தான். குழாய் புதைத்த தடம் கொல்லைகளின் ஓரமாக மண் நிறம் மாறித் தெரிந்தது. அவன் அதன் மேலேயே நடந்தான். மெதுவாகத்தான் நடந்தான், ஆனாலும் தண்ணீரை விட வேகமாக நடந்துகொண்டிருந்தான். கீழே, காலுக்குப் பின்னால் எங்கேயோ அது வந்துகொண்டிருக்கும். பள்ளத்துத் தெருவை அவன் தாண்டியபோது யாரோ ஒருவர் ஒழுகும் குழாயைத் துணி சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமல் செய்ததா, அமலோற்பவம் சொன்னதா, தெரியவில்லை.

மேட்டில் இன்று எல்லாரும் வரிசையில் இருந்தார்கள். குடங்களுக்குப் பின்னால் ஆட்கள். ஆண்களும் நின்றார்கள். பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளைகள் கோயில் படியில் உட்கார்ந்திருந்தன. அவன் ஏறி வருவதைப் பார்த்து வரிசை கொஞ்சம் விலகியது. குழாய் திறந்தே இருந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் எட்டு நிமிடம்.

அப்போது ஊர்ப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஒரு குரல். பிறகு பல குரல்கள். வார்த்தைகள் புரியவில்லை. சைக்கிள் மணி ஒன்று விடாமல் அடித்துக்கொண்டு சாலையில் விரைந்தது, குழி இருந்த திசையில். வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கைலியை மடித்துக் கட்டினான். அமலோற்பவம் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் நின்றான்.

தனசேகரன் இறங்கி ஓடலாமா என்று யோசித்தான். ஓடினாலும் பத்து நிமிடம் ஆகும்.

அமலோற்பவம் திட்டின் மேல் முழங்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தார். வைத்தபடியே அசையாமல் இருந்தார். தூரத்தில் சத்தம் கூடியது. எல்லாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து வருது" என்றார்.

பிறகு முந்தானையை விரித்துக் குழாய்க்கு முன்னால் பிடித்தார். அது லேசாக உப்பியது.